எஸ்தர் சேராத திங்கட்கிழமை

விண்ணப்பத்தை எப்படிப் படிப்பது, எதற்கு எவ்வளவு மதிப்பெண், வயது வரம்பை எந்தத் தேதியிலிருந்து பார்ப்பது என்பதெல்லாம் அலுவலகத்தில் தடிமனான ஒரு கோப்பில் இருக்கிறது. தேர்வுக் குழுவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் அதைப் படித்துக்கொள்ளுங்கள். படிக்காவிட்டாலும் குடி முழுகிப் போகாது. செயலாளர் தணிகாசலம் பக்கத்தில் உட்கார்ந்து வரிக்கு வரி சொல்லிக் கொடுப்பார். சொல்லாமல் அவரால் இருக்க முடியாது. கோப்பில் இல்லாத ஒன்றை நான் எழுதுகிறேன்.

என்னைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. மருத்துவக் கல்லூரியில் சமூக மருத்துவம் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவள் நான். விழுப்புரத்தில் இருக்கிறேன். நம் அறக்கட்டளையின் பயிற்சி உதவித்தொகைக்கு நெடுநாள் ஒருங்கிணைப்பாளராக இருந்தேன். போன வருடம்தான் முழங்கால் வலியும் மகளின் மிரட்டலும் சேர்ந்து என்னை அந்த நாற்காலியிலிருந்து இறக்கின.

நாம் செய்வது சின்ன வேலை. படிப்பு முடித்துச் சில வருடங்களே ஆன, ஆராய்ச்சியில் ஆசையுள்ள மருத்துவர்கள் இரண்டு பேரை ஒவ்வோர் ஆண்டும் தேர்ந்தெடுத்துச் சென்னையில் ஓர் ஆய்வு நிறுவனத்துக்கு ஆறு மாதப் பயிற்சிக்கு அனுப்புகிறோம். சம்பளம் வராத அந்த ஆறு மாதமும் அவர்கள் சாப்பாட்டுக்கும் தங்குவதற்கும் நாம் பொறுப்பு. வருடக் கடைசியில் திண்டிவனத்தில் ஒரு கல்யாண மண்டபத்தைப் பிடித்து, ஒரு விருதும் சால்வையும் கொடுத்து, சாம்பார் சாதம் போட்டு அனுப்புகிறோம். பெரிய ஊரில் படித்த பிள்ளைகளுக்கு இப்படிப் பத்துக் கதவுகள் உண்டு. செஞ்சியிலோ திருவெண்ணெய்நல்லூரிலோ ஆரம்ப சுகாதார நிலையத்தில் காய்ச்சலுக்கும் கர்ப்பிணிகளுக்கும் நடுவில் நின்றுகொண்டு ஆராய்ச்சி செய்ய நினைக்கிற பிள்ளைக்கு இது ஒன்றுதான். அதனால்தான் அந்த இரண்டு இடத்துக்கு அத்தனை அடிதடி. நாளைக்கு உங்கள் வீட்டுக்கு மாம்பழக் கூடையோடு யாராவது வந்தால் ஆச்சரியப்படாதீர்கள். கூடையைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், பழம் எவ்வளவு நன்றாக இருந்தாலும்.

எஸ்தர் அப்படிக் கூடையோடு வரக்கூடிய பெண் இல்லை. அனந்தபுரத்துப் பெண். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் வேலை செய்து படிக்க வைத்தவர்கள். அவள் வேலை பார்த்தது திருவெண்ணெய்நல்லூரைத் தாண்டி ஒரு சுகாதார நிலையத்தில். கரும்பு வெட்டுகிறவர்களுக்குச் சிறுநீரகம் கெட்டுப் போகிறதா என்பது அவள் ஆய்வு. வெயிலில் நாள் முழுக்க வெட்டுகிறார்கள். போதிய தண்ணீர் குடிப்பதில்லை. வெட்டுப் பருவம் தொடங்கும்போது ஒரு முறை, முடியும்போது ஒரு முறை, அடுத்த வருடம் தொடங்கும்போது இன்னொரு முறை என்று அதே ஆட்களின் இரத்தத்தை எடுத்துப் பார்க்க வேண்டும். யோசனை எளிமையானது. செய்வதற்குத்தான் ஆள் வேண்டும். நேர்காணலில் அவள் பேசியதைவிட மூச்சு வாங்கியதுதான் அதிகம். ஆனால் கேட்ட எதற்கும் சுற்றி வளைக்காமல் பதில் சொன்னாள். அந்த வருடத்தின் முதல் இடம் அவளுக்கு.

பயிற்சி சித்திரையில் ஒரு திங்கட்கிழமை தொடங்க வேண்டும். அதற்கு முந்திய வியாழக்கிழமை, நான் உழவர் சந்தையில் முருங்கைக்கீரை பேரம் பேசிக்கொண்டிருந்தபோது அவள் கூப்பிட்டாள்.

"மேடம், திங்கக்கிழமை என்னால சேர முடியாதுங்க. பத்து நாள் டைம் குடுங்க."

"ஏம்மா, உடம்புக்கு என்ன?"

"உடம்பு நல்லாத்தான் இருக்குது. பருவம் முடியறப்ப எடுத்த ரத்தத்துக்கு ரிசல்ட்டு நேத்துதான் வந்துச்சு. மிஷின் ரிப்பேருன்னு லேப்ல இழுத்தடிச்சிட்டாங்க. கொஞ்சம் பேருக்கு நல்லா இல்லைங்க மேடம். நானே நேர்ல வந்து சொல்றேன்னு எல்லார் கிட்டயும் சொல்லியிருக்கேன்."

"நர்ஸ் சொல்லட்டுமே. இல்ல, போன்ல சொல்லேன்."

"அவங்க குடுத்த நம்பர்ல பாதி மேஸ்திரியோட நம்பர். நர்ஸும் அவருக்குச் சொந்தம். அவரு காதுல உழுந்துச்சுன்னா கிட்னி கெட்டவங்களை அடுத்த பருவத்துக்குச் சேத்துக்க மாட்டாரு. இன்னும் ஒரு வாரம், பத்து நாள்ல வெட்டு முடிஞ்சிடும். அப்புறம் பாதிப் பேரு செங்கல் சூளைக்கு, பாதிப் பேரு பெங்களூருக்கு. எங்க போய்த் தேடறது?"

மேஸ்திரி என்பவர் வெட்டும் ஆட்களைத் திரட்டி வயல் வயலாக அழைத்துப் போகிறவர். இங்கேதான் நம் தொழிலுக்கே உரிய ஒரு தப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். வயலில் ஆராய்ச்சிக்குப் போகிற இளம் மருத்துவர், யாரைக் கேட்டால் வேலை ஆகும் என்று பார்ப்பார். மேஸ்திரியைக் கேட்டால் ஆகும். அவர் ஒரு குரல் கொடுத்தால் அத்தனை பேரும் வரிசையில் நின்று கையை நீட்டுவார்கள். ஒரே காலையில் இரத்தம் எடுத்து முடித்துவிடலாம். எஸ்தரும் அதைத்தான் செய்தாள். நீங்களும் அதைத்தான் செய்திருப்பீர்கள். ஆள் கூட்டி வந்தவர், முடிவும் தன் கைக்கு வரும் என்று நினைப்பார் என்பது அப்போது யாருக்கும் தோன்றுவதில்லை. இரத்தம் கொடுத்தவர்களுக்கு அது முதலிலேயே தோன்றியிருக்கிறது. ஊசியை எடுத்த உடனே ஒருவர் அவளிடம், "மேஸ்திரிக்குச் சொல்ல மாட்டியே?" என்று கேட்டிருக்கிறார். அதற்குத்தான் அவள் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக, தானே வந்து சொல்வதாக வாக்குக் கொடுத்திருக்கிறாள்.

எங்கள் விதியோ தெளிவானது. குறித்த நாளில் சேராதவர் இடத்தை இழப்பார். காத்திருப்போர் பட்டியலில் அடுத்தவருக்கு அது போகும். அந்த விதியை எழுதியவளே நான்தான். அதற்கு முன்னால் ஒரு புண்ணியவான் பத்து நாள் கேட்டு, மேலும் பத்து நாள் கேட்டு, கடைசியில் வெளிநாடு போய்விட்டான். ஒரு வருடம் முழுக்க அந்த இடம் காலியாகக் கிடந்தது. அந்தக் கோபத்தில் எழுதிய விதி.

தணிகாசலத்தைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவர் அரசு அலுவலகத்தில் நரைத்தவர். விதி என்றால் அவருக்கு உயிர். அதைவிட விதிக்குள் இருக்கிற சந்து என்றால் உயிர்.

"இதுக்கா மேடம் பேஜாராவுறீங்க? திங்கக்கிழமை காலையில சென்னைக்கு வந்து சேந்ததா கையெழுத்துப் போடட்டும். மத்தியானம் மெடிக்கல் லீவு எழுதிக் குடுத்துட்டு பஸ் ஏறட்டும். ரெண்டு வாரம் கழிச்சுப் போவட்டும். ஊர்ல நடக்காததா?"

ஊரில் நடப்பதுதான். நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் எஸ்தர் சென்னைக்குப் போவது எதற்கு? பார்த்ததைப் பார்த்தபடி எழுதக் கற்றுக்கொள்வதற்கு. அங்கே அவள் எழுதும் முதல் வரியே உடம்பு சரியில்லை என்ற பொய்யாக இருக்க வேண்டுமா? அதுவும் உண்மையிலேயே உடம்பு சரியில்லாத சிலரைத் தேடிப் போவதற்காக? எனக்கு எரிச்சலாக வந்தது. தணிகாசலத்தின் மேல் இல்லை. அந்த யோசனை அரை நிமிடம் எனக்கும் பிடித்துப் போனதுதான் காரணம்.

"வேணாங்க. நான் போய்ப் பாத்துட்டு வந்து சொல்றேன்" என்றேன்.

"வயலுக்கா? இந்த வெயில்லயா?"

"கரும்பு அதுலதானே நிக்குது" என்று போனை வைத்தேன்.

புதியவர்களே, இதைக் குறித்துக்கொள்ளுங்கள். தொலைபேசியில் முடிவு எடுக்க வேண்டிய நெருக்கடி வரும்போது, ஒரு பஸ் தூரத்தில் உண்மை இருக்கிறதென்றால், பஸ் ஏறிவிடுங்கள். மறுநாள் மதியம் திருவெண்ணெய்நல்லூர் பஸ்ஸில் உட்கார்ந்து, அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் குலுங்கி, ஆற்றுப் பக்கம் அவள் சொன்ன வயலுக்குப் போய்ச் சேர்ந்தேன். அரை வயல் வெட்டிக் கிடந்தது. டிராக்டரில் கட்டுகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். எஸ்தர் வயலின் அந்தக் கோடியில், மோட்டார் கொட்டகை வாசலில் ஒரு மரப்பெட்டி மேல் உட்கார்ந்திருந்தாள். எதிரில் இன்னொரு பெட்டியில் நடுவயதுக்காரர் ஒருவர். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தில் நாலு எட்டுத் தள்ளி நிற்பவருக்குக்கூட ஒன்றும் கேட்காது. எனக்கும் கேட்கவில்லை. கேட்டிருக்கவும் கூடாது.

நான் வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் எழுந்து போனார். அடுத்து ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். அவளும் அவ்வளவு நேரம். பிறகு ஓர் இளைஞன். அவனும் அதே நேரம். மூவருமே எழுந்து போகும்போது சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. தலையைக் குனிந்துகொண்டு நேராகப் போய் அரிவாளைக் கையில் எடுத்தார்கள். ஆமை வேகத்தில் இப்படிப் போனால் பத்து நாள் என்ன, பதினைந்து நாளும் ஆகும் என்று எனக்குத் தோன்றியது. அவள் தண்ணீர் குடிக்க வந்தபோது அதையே கேட்டேன்.

"நல்லா இருக்கறவங்ககிட்ட ரெண்டு வார்த்தை சொல்லி அனுப்பேன். கெட்டவங்க கிட்ட மட்டும் உக்காந்து பேசு. சீக்கிரம் முடியும்ல?"

அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். பெரியவர்கள் கேட்ட கேள்விக்குத் தப்பு என்று எப்படிச் சொல்வது என்ற சங்கடம் அந்த முகத்தில் இருந்தது.

"அப்படிப் பண்ணக் கூடாதுங்க மேடம். யாரு ஜல்தியா எழுந்து வர்றாங்க, யாரு ரொம்ப நேரம் குந்திக்கினு இருக்காங்கன்னு மேஸ்திரி பாத்துக்கினே இருக்காரு. அதை வச்சே கண்டுபுடிச்சிடுவாரு. அதான் எல்லாருக்கும் ஒரே நேரம். நல்லா இருக்கறவங்ககிட்ட என்னா பேசறதுன்னு தெரியாம அவங்க புள்ளைங்களைப் பத்தி, வயல்ல போட்ட மல்லாட்டை விலையைப் பத்தியெல்லாம் பேசிக்கினு இருக்கேன்."

இத்தனை வருடம் ஆராய்ச்சி நெறிமுறை பற்றி வகுப்பெடுத்தவள் நான். இரகசியம் காப்பது என்றால் பெயருக்குப் பதில் எண் போடுவது, அலமாரியைப் பூட்டுவது என்று சொல்லிக் கொடுத்திருக்கிறேன். ஒருவர் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தார் என்பதிலேயே இரகசியம் வெளியாகிவிடும் என்று எந்த வகுப்பிலும் நான் சொன்னதில்லை. எனக்கு அவள்மேல் பெருமையாக இருந்தது. அதைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அடுத்து நான் சொல்ல வேண்டியது இன்னும் கடினமாகியிருக்கும்.

அதற்குள் மேஸ்திரி வந்துவிட்டார். வெள்ளை வேட்டி, கழுத்தில் துண்டு, மரியாதையான மனிதர்.

"பெரிய டாக்டரம்மாவா நீங்க? நல்லா இருக்கீங்களா? நீங்களே ஞாயத்தைச் சொல்லுங்க. ஆளுங்களை இட்டாந்து நிறுத்தினது யாரு? நான். லிஸ்ட்டை ஒரு பார்வை பாக்கக் கூடாதுன்னா இன்னா அர்த்தம்?"

"பாத்து என்ன பண்ணப் போறீங்க?"

"ஒடம்பு முடியாதவனை வெயில்ல உட்டு வெட்டச் சொல்றது பாவம் இல்லீங்களா? நாளைக்கு ஒருத்தன் வயல்ல உழுந்தான்னா யாரைக் கேப்பாங்க? என்னைத்தான் கேப்பாங்க."

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை என்று முதலில் நினைத்தேன். அவர் முகத்தைப் பார்த்தபோது முழுக்க அப்படி இல்லை என்று பட்டது. அவருக்கும் உள்ளுக்குள் பயம். ஆனால் அவருடைய பயத்துக்கு விலையாக இன்னொருவர் வேலையைக் கொடுக்க முடியாது.

"லிஸ்ட்டு என்கிட்ட இல்லைங்க. இருந்தாலும் தர மாட்டேன். யாருக்கு உடம்பு முடியலையோ அவங்களே உங்ககிட்ட சொன்னா, அப்ப அவங்களுக்கு லேசான வேலை குடுங்க. எல்லாருக்கும் குடிக்கத் தண்ணிக் குடத்தை நிழல்ல வெச்சுக் குடுங்க. அதுக்கு லிஸ்ட்டு வேணாம்" என்றேன். அவர் துண்டை உதறிக்கொண்டு போய்விட்டார்.

பிறகு எஸ்தரிடம் திரும்பினேன். சுற்றி வளைக்கவில்லை. அவள் செய்வது சரி என்றேன். அதைப் பாதியில் விட்டு வரச் சொல்ல மாட்டேன் என்றேன். ஆனால் இடத்தை நிறுத்தி வைக்கவும் முடியாது. பட்டியலில் அடுத்து இருப்பவர் திண்டிவனத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் வேலை செய்யும் கார்த்திகேயன். இரண்டு முறை நூலிழையில் தவறவிட்டவர். அடுத்த வருடம் அவருக்கு வயது வரம்பு தாண்டிவிடும். அச்சடித்த விதியை நம்பி அவர் காத்திருக்கிறார். ஒரு நல்ல காரணத்துக்காக நான் இன்றைக்கு விதியை வளைத்தால், எனக்குப் பிடித்த காரணம் நல்ல காரணம் என்று ஆகிவிடும். நாளைக்கு இன்னொருவர் மாம்பழக் கூடையோடு அவருக்குப் பிடித்த காரணத்தைக் கொண்டுவருவார்.

எஸ்தர் தண்ணீர்ச் செம்பை மூடி வைத்தாள். டிராக்டர் கிளம்பிப் போனது.

"அவரையே சேத்துக்கோங்க மேடம்" என்றாள். பிறகு, "அம்மா சர்ச்சுல எழுந்து நின்னு சாட்சி சொல்லிட்டாங்க, எம் பொண்ணுக்குக் கெடச்சிடுச்சுன்னு. அதுதான் ஒரு மாதிரியா இருக்குது" என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எனக்கும் கண் கலங்கியது. மோட்டார் கொட்டகையில் அடுத்தவர் வந்து உட்கார்ந்திருந்தார். அவள் போய்விட்டாள்.

சனிக்கிழமை காலை கார்த்திகேயனைக் கூப்பிட்டேன். முதல் இடத்தில் இருந்தவர் சேரவில்லை என்றேன். ஏன் என்று கேட்டார். இரகசியம் எதையும் உடைக்காமல், வயலில் அவளுக்கு முடிக்க வேண்டிய கடமை இருக்கிறது என்று மட்டும் சொன்னேன். அவர் பதில் சொல்வதற்குள் நான் என்ன எதிர்பார்த்தேன் தெரியுமா? "அப்ப எனக்கு வேணாம் மேடம், அவங்களுக்கே இருக்கட்டும்" என்று அவர் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்த்தேன். சினிமா பார்த்து வளர்ந்த புத்தி.

"வர்றேன் மேடம். எனக்கு இது கடைசி வருஷம்" என்றார் அவர்.

ஒரு நிமிடம் அவர்மேல் கோபம் வந்தது. வெட்கமாகவும் இருந்தது. அடுத்தவர் தியாகம் செய்ய வேண்டும் என்று எதிர்பார்ப்பது, குழு நாற்காலியில் உட்காருகிறவர்களுக்கு வரும் வியாதி. அவர் போனார், நன்றாகக் கற்றுக்கொண்டார், இன்று திண்டிவனத்தில் பத்துப் பேருக்குக் கற்றுத் தருகிறார். இதை எழுதட்டுமா என்று அவரிடம் கேட்டேன். "எழுதுங்க மேடம், நான் போனது தப்புன்னு மட்டும் எழுதிடாதீங்க" என்றார். எழுதவில்லை. அது தப்பே இல்லை.

ஆனால் விதி தப்பு. ஒருவருக்காக அதை வளைக்கக் கூடாது என்பதும், எல்லாருக்காகவும் அதை மாற்ற வேண்டும் என்பதும் வேறு வேறு. அடுத்த கூட்டத்தில் பேசினேன். பயிற்சி நிறுவனத்தோடு பேசி வருடத்துக்கு இரண்டு தொடக்க நாள் வாங்கினோம். நேர்காணலிலேயே எந்த நாள் என்று மருத்துவரே சொல்லலாம். தணிகாசலம் முணுமுணுத்தார், பிறகு அவரே உட்கார்ந்து புதிய விதியை எழுதினார், சந்து இல்லாமல்.

அடுத்த மாசியில் எஸ்தர் மறுபடி விண்ணப்பித்தாள். இடையில் நான் அவளோடு பேசவில்லை. ஒருங்கிணைப்பாளர் விண்ணப்பதாரரோடு பேசக் கூடாது. நேர்காணலிலும் வாய் திறக்கக் கூடாது. இந்த வழக்கத்தை ஏற்படுத்தியவர் குழுவைத் தொடங்கிய எங்கள் மூத்த மருத்துவர். "ஒருங்கிணைப்பாளர் தண்ணி ஊத்தலாம், மணி அடிக்கலாம். எல்லாருக்கும் பொதுவா ஒரே ஒரு கேள்வி கேக்கலாம். யாருக்காகவும் பேசக் கூடாது" என்பார். அந்தக் காலத்தில் எனக்கு அது பிடிக்காது. வாய் சும்மா இருக்காத எனக்கு அந்த வேலையைக் கொடுத்ததே வேண்டுமென்றுதான் என்று நினைத்துக்கொள்வேன்.

அந்த வருடம் என் பொதுக் கேள்வியாக ஒன்றை யோசித்து வைத்திருந்தேன். "உங்க ஆய்வுக்கு ரத்தமோ விவரமோ குடுத்தவங்ககிட்ட திரும்பிப் போனீங்களா? போனப்ப எத்தனை பேர் உங்ககிட்ட வந்தாங்க?" காலையிலிருந்து வந்த எல்லாரிடமும் அதையே கேட்டேன். ஒருவர் மடிக்கணினியைத் திருப்பி, எத்தனை பேர் வரவில்லை என்பதற்கு அழகான ஒரு வண்ணப்படம் காட்டினார். இன்னொருவர், தன் ஆய்வு பழைய நோயாளிப் பதிவுகளை வைத்துச் செய்தது என்பதால் திரும்பிப் போகும் சிரமமே இல்லை என்று நிம்மதியாகச் சொன்னார். ஒரு பெண் மட்டும் "போகணும்னு தோணலை மேடம்" என்று உண்மையைச் சொன்னாள். அவளுக்கு மனதுக்குள் அரை மதிப்பெண் போட்டேன்.

மதியத்துக்குப் பிறகு எஸ்தர். மேசையில் சென்னையிலிருந்து வந்த நிபுணர் ஒருவர் இருந்தார். கறாரானவர், நேர்மையானவர். கோப்பைப் புரட்டியதுமே பிடித்துக்கொண்டார்.

"போன வருஷம் செலக்ட் ஆகியிருக்கீங்க. ஜாயின் பண்ணலை. ஏன்?"

"ஃபீல்டு வேலை பாக்கி இருந்துச்சு சார்."

"அதை வேற யாரும் செய்ய முடியாதா?"

"முடியாது சார்."

"ஏன் முடியாது?"

அவள் பதில் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். மேசையில் உட்கார்ந்திருந்த அறங்காவலர்களில் ஒருவருக்கு அந்தப் பக்கம் கரும்பு வயல். அதே மேஸ்திரியின் ஆட்கள்தான் அவருக்கும் வெட்டுகிறார்கள். நல்ல மனிதர்தான். ஆனாலும் அந்த ஆட்களில் சிலருக்குச் சிறுநீரகம் கெட்டிருக்கிறது என்று அவள் வாயால் அங்கே வராது. இப்போது அந்த மேஸ்திரி தொழிலை விட்டுவிட்டார், பெயர்களையும் மாற்றியிருக்கிறேன். அதனால்தான் என்னால் எழுத முடிகிறது.

"இந்த முறை இடம் குடுத்தா வருவீங்கன்னு என்ன நிச்சயம்?" என்றார் நிபுணர். மதிப்பெண் தாளில் ஏதோ எழுதினார். நான் எதிரில் இருந்ததால் தெரிந்தது: சின்ன எண்.

என் வாய்க்குள் முழுக் கதையும் வந்து நின்றது. வயல், மோட்டார் கொட்டகை, எல்லாருக்கும் ஒரே நேரம். நான் சொன்னால் குழு கேட்கும். என் வார்த்தைக்கு அங்கே மதிப்பு உண்டு. இந்தப் பெண்ணுக்கு இதுதான் கடைசிக் கதவு என்பதும் எனக்குத் தெரியும். இரண்டாம் முறையும் தவறினால் மூன்றாம் முறை யாரும் விண்ணப்பிப்பதில்லை. தண்ணீர் ஊற்றுகிற சாக்கில் டம்ளரைப் பிடித்துக்கொண்டேன். பேசவில்லை. முறை வந்தபோது பொதுக் கேள்வியை மட்டும் கேட்டேன். அதற்கு அவள் பதில் என்ன என்பது எனக்குத் தெரியாது. பாதிப் பேர் வரவில்லை என்று அவள் சொல்லிவிட்டால் கதை அங்கேயே முடிந்தது.

"திரும்பிப் போனேன் மேடம். ஒரு வருஷம் கழிச்சு எடுக்க வேண்டிய ரத்தத்தைப் போன மாசம் எடுத்தோம். எல்லாரும் வந்தாங்க. ஒருத்தரைத் தவிர."

நிபுணர் பேனாவை வைத்தார். ஊர் ஊராகப் போகிற கூலி ஆட்கள் ஒரு வருடம் கழித்து இப்படித் திரும்பி வருவதில்லை. அது அவருக்கு எங்களைவிட நன்றாகத் தெரியும்.

"எல்லாருமா? மேஸ்திரி வரிசையில நிக்க வெச்சாரா?"

"இல்லைங்க சார். இந்த வாட்டி அவரு கிட்ட சொல்லவே இல்லை. சூளைக்குப் போனவங்ககூட லீவு போட்டுட்டு வந்தாங்க."

"அந்த ஒருத்தர்?"

"மழை காலத்துல பாம்பு கடிச்சு எறந்துட்டாரு சார். அவரு சம்சாரம் வந்தாங்க. அவங்க வெட்டுக்குப் போறவங்க இல்லை. 'அவரு எடத்துக்கு என் ரத்தத்தை எடுத்துக்கோ, உன் கணக்குல ஒண்ணு கொறையக் கூடாது'ன்னு கையை நீட்டினாங்க."

நிபுணர் நாற்காலியை முன்னுக்கு இழுத்தார்.

"எடுத்தீங்களா?"

"எடுத்தேன் சார். ஸ்டடியில சேக்கலை, அது தப்பு. ஆனா டெஸ்ட் பண்ணேன். ரிசல்ட்டு வர்றதுக்குள்ள அவங்க மண்டகப்பட்டுக்கு, அம்மா வீட்டுக்குப் போயிட்டாங்க. நேத்து அங்க போய்ச் சொல்லிட்டு வந்தேன். நல்லா இருக்குதுங்க அவங்களுக்கு."

நிபுணர் மதிப்பெண் தாளில் எழுதியிருந்ததை அடித்தார். கரும்பு வயல்காரரான அறங்காவலர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். எஸ்தருக்கு இடம் கிடைத்தது. வெட்டு முடிந்து ஒரு மாதம் கழித்துத் தொடங்குகிற நாளைத் தேர்ந்தெடுத்துக்கொண்டாள்.

மாலையில் எல்லாரும் போன பிறகு நிபுணரும் நானும் தேநீர் குடித்தோம். வாய் திறக்கக் கூடாது என்ற வழக்கம் அத்தோடு முடிந்துவிட்டதால் வயலில் பார்த்ததை அவரிடம் சொன்னேன். அவர் டம்ளரை வைத்துவிட்டு என்னைக் கடுமையாகப் பார்த்தார்.

"இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே மேடம்? கொஞ்சம் விட்டா அந்தப் பொண்ணை வேணாம்னு தள்ளியிருப்பேனே."

"சொல்லியிருந்தா நீங்க என்னை நம்பியிருப்பீங்க சார்" என்றேன். "இப்ப அவளை நம்புறீங்க."